கேட்டோரத்து அடீனியம்

அம்மிணி,

பால்கனியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து, அதன்மேல் ஓர் அடீனியத் தண்டைக் கிடத்தியிருக்கிறேன். வெட்டிய இடத்தில் மஞ்சள்தூள் அப்பியிருக்கிறது. வெளியே மழை விடுவதாக இல்லை. காலையில் காபி டம்ளரோடு கதவைத் திறந்தபோது மஞ்சளும் பச்சைத் தண்டின் சாறும் கலந்த வாசனை முகத்தில் வந்து பட்டது. அடீனியப் பூவுக்கு வாசனை கிடையாது என்று நீ குறைப்பட்டுக்கொள்வாய். ஆனால் வெட்டுப்பட்ட அடீனியத்துக்கு வாசனை உண்டு. அது உன் சமையலறை மேடையின் வாசனை. நீ கத்தியை ஈரத்துணியில் ஒரு பக்கமும், மறு பக்கமும், பிறகு நுனியும் துடைப்பது கண்முன் வந்துவிட்டது.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவதுதான் என் தொழில். உனக்கும் அப்படியே எழுதுகிறேன். இதில் பாதியாவது உனக்குத் தெரிந்ததுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாம் இருவரும் புனேயில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் இருந்தோம். நான் மதுரையிலிருந்து ஆங்கிலப் பத்திரிகை ஒன்றுக்கு வந்திருந்தேன். நீ கோயமுத்தூரிலிருந்து வந்து, புனேயை அடுத்த தளேகாவில் பம்பு செய்யும் ஆலையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாய். ஒரு காலையில் குளியலறைக் குழாய் வறண்டு கிடந்தது. நான் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் நல்ல மதுரைத் தமிழில் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து உன் குரல் வந்தது.

"ஏம்புள்ள, குழாயத் திட்டினாத் தண்ணி வருமா? மோட்டார்ல காத்துப் புடிச்சிருக்குது. அக்கட்டால நகரு."

நீ பின்புறம் போய்ப் பம்பின் திருகைக் கழற்றி, ஒரு குவளைத் தண்ணீரை அதற்குள் ஊற்றி மூடினாய். குழாய் இருமிவிட்டுத் தண்ணீர் விட்டது. "ரிப்போர்ட்டரம்மா, இதையும் பேப்பர்ல போடு" என்று சொல்லிவிட்டு, நான் வைத்திருந்த வாளியை நகர்த்தி உன் வாளியை முதலில் வைத்துக்கொண்டாய். எங்கள் பக்கத்தில் யாரையும் அம்மிணி என்று அழைப்பதில்லை. நீ எல்லோரையும் அப்படி அழைத்ததைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் உன்னையே அப்படி அழைக்கத் தொடங்கினேன்.

புனேயின் ஓரத்தில், பாணேரில் ஒரே கட்டடத்தில் நாம் வீடு வாங்கியபோது சுற்றிலும் சோளக்கொல்லைகள் இருந்தன. உனக்குத் தரைத்தளம், எனக்கு இரண்டாம் மாடி. உன் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே, கேட்டிலிருந்து சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு நீளமான மண்பட்டை. குடியிருப்புச் சங்கமான சொஸைட்டிக்காரர்கள் அதில் புல்லும் செம்பருத்தியும் வைத்திருந்தார்கள். சில ஆண்டுகளில் சோளக்கொல்லைகள் எல்லாம் கட்டடங்களாயின. ஒவ்வொரு கட்டடமும் ஒரு போர்வெல் போட்டது. இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு கோடைகள் போனபின் நம் போர்வெல் காற்றை மட்டுமே கொடுத்தது. அதற்குப் பின் டேங்கர்தான்.

அதே காலத்தில்தான் உன் சிறுநீரகங்கள் கைவிட்டன. வாரம் இருமுறை டயாலிசிஸ். எனக்கு அலுவலகம் பிற்பகலில்தான் என்பதால், காலையில் உன்னை என் ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போவேன். உன் அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்து ஊருக்கே வந்துவிடச் சொல்வார். "இங்கயே இருந்துக்கறேனுங்ண்ணா, மெஷின் எல்லா ஊர்லயும் ஒரே மெஷின்தான்" என்பாய்.

டாக்டர் உனக்குத் தண்ணீரை அளந்துவிட்டார். காலையில் ஒரு சின்னச் சொம்பில் பிடித்துவைத்தால் மாலை வரை அதுதான். மாத்திரை, காபி, தாகம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். உன் ஊரிலும் என் ஊரிலும் இந்தப் புனேயிலும் ஒரே வழக்கம். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும். நீ எந்த வீட்டுக்குப் போனாலும் நீ உட்காரும் முன் டம்ளர் வந்துவிடும். வேண்டாம் என்று சொன்னால் மோர் வரும். மோரும் வேண்டாம் என்றால், பாவம் என்று இளநீர் வெட்டப் போவார்கள். அதிலுள்ள பொட்டாசியத்தால் உனக்கு அதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. விளக்கிச் சொல்லிச் சலித்த பிறகு நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். டம்ளரை வாங்கி, இரண்டு கைகளாலும் சிறிது நேரம் பிடித்திருந்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுப்பாய்.

"தொட்டுக்கிட்டேனுங்க, குடிச்ச மாதிரிதான்" என்று தமிழிலேயே சொல்வாய். மொழி தெரியாதவர்கள்கூடத் தலையாட்டி வாங்கிக்கொள்வார்கள்.

அந்தக் கோடையில் தோட்டத்துக்கு டேங்கர் தண்ணீர் விடக் கூடாது என்று கமிட்டி தடை போட்டது. புல் காய்ந்தது, செம்பருத்தி போயிற்று. மழைக்காலம் முடிந்ததும் நடந்த பொதுக்கூட்டத்தில், தூண்களுக்கிடையே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த மண்பட்டையில் கல் பதித்துக் கார் நிறுத்தலாம் என்று பேசினார்கள். அன்று பகல் நான் ஏரவாடாவில் ஒரு தெருக்குழாய் வரிசையைப் பற்றிச் செய்தி சேகரித்துவிட்டு வந்திருந்தேன். அங்கே பெண்கள் குடத்துக்காகப் பேசியதைவிட, இங்கே காருக்காகப் பேசியவர்களின் குரல் உயர்ந்திருந்தது. சேர்மனாக இருந்தவர் அரசு வேலையில் ஓய்வு பெற்ற மராட்டியர். எல்லோருக்கும் அவர் காகா, மராத்தியில் சித்தப்பா. கறாரானவர், ஆனால் நியாயம் தெரிந்தவர்.

நீ கையைத் தூக்கினாய். நீ சொன்னது மிகச் சின்ன விஷயம். டயாலிசிஸ் முடிந்த நாட்களில் உன்னால் எழுந்திருக்க முடிவதில்லை, அந்த ஜன்னலை ஒட்டித்தான் படுத்திருக்கிறாய், அங்கே கார்கள் வந்தால் நாளெல்லாம் பானெட்டைப் பார்த்துக்கொண்டு புகையை இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

காகா இந்தியில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன். "மேடம், தண்ணீர் இல்லாமல் தோட்டம் எப்படி வரும்?"

"சொஸைட்டித் தண்ணி சொட்டுக்கூட வேண்டாம். காய்கறி கழுவினது எங்க வீட்டுல இருக்குது, அது போதும். அடுத்த மே மாசம் பாருங்க. பூ இருந்தாத் தோட்டம். இல்லாட்டி உங்க கல்லு."

மழைக்கு முன் கல் பதித்துவிட வேண்டும் என்பது அவர்கள் கவலை. மே கடைசி என்றால் சரி என்று ஒப்புக்கொண்டார்கள். கூட்டம் கலைந்து வீட்டுக்குத் திரும்பும்போது நான் உன்னிடம் கேட்டேன், என்ன செடி என்று. "அடீனியம், பாலைவன ரோஜாங்கறாங்க. எங்க ஆலை கேட்டுல ஒரு பாதி டிரம்முல நிக்குது. பத்து வருசமாப் பாக்கறேன். அதுக்கு ஒருத்தரும் தண்ணி ஊத்திப் பாத்ததில்ல. சித்திரை வெயில்ல ரோஸ் கலர்ல சிரிக்குது" என்றாய்.

அந்த மாதமே ஆலையில் அதைக் கவாத்து செய்தபோது, கிளைகளைப் பழைய வரைபடத் தாளில் சுருட்டிக் கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். முதலில் ஒரு வாரம் நிழலில் காயவேண்டும் என்று என் பத்திரிகையை விரித்து அதில் அடுக்கினாய். அன்றைய முதல் பக்கத்தில் அணையின் நீர்மட்டம் பற்றி நான் எழுதிய செய்தி இருந்தது. "நீ எழுதற தண்ணியெல்லாம் பேப்பர்லயே இருக்குது புள்ள. ஆனா உன்ற நியூஸ் மேல வெச்சாத்தான் செடி நல்லாக் காயுது" என்றாய். என் நடையைப் பற்றி யாரும் அவ்வளவு துல்லியமாக விமர்சித்ததில்லை.

மண் வேலைதான் பெரியதாக இருந்தது. இருந்த கரிசலைத் தோண்டி எடுக்கச் செய்து, மலையடிவாரத்துச் சிவப்புச் சரளையும் உடைந்த செங்கல்லும் கொட்டி, உள்கோடியை உயர்த்தி, தெருவை ஒட்டிய கேட்டுப் பக்கத்தைத் தாழ்த்தி, ஒரு சரிவு வைத்தாய். முழம்போட்டு, நூல் கட்டி, பம்புக்கு வரைவது போலவே ஒரு தாளில் வரைந்துகொண்டாய். வேலை பார்த்தவர்கள் மேலாக மண் போட்டால் போதுமே என்றார்கள். நீ விடவில்லை.

"வர்ற தண்ணி நிக்காமப் போயிரணும். நின்னா அழுகிரும்" என்றாய். பிறகு மேட்டின்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "இத்தனை வருசம் தண்ணிய மேல ஏத்தறதையே படிச்சேன். இப்பத்தான் கீழ எறக்கப் படிக்கிறேன்" என்றாய்.

செடிகள் வேர் பிடித்தன. வாரம் ஒருமுறை, செடிக்கு ஒரு குவளை. அதையும் உடனே ஊற்றமாட்டாய். முதலில் குனிந்து, தண்டின் அடியில், கிழங்குபோலத் தடித்திருக்கும் இடத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பாய். இறுகியிருந்தால், "இவளுக்கு வேண்டாம், வயிறு நெறஞ்சிருக்குது" என்று அடுத்ததுக்குப் போவாய். லேசாகச் சுருங்கியிருந்தால்தான் குவளை சாயும். "அழுத்திப் பாத்துட்டு அப்புறம் ஊத்தணும்" என்பதை எத்தனை முறை சொல்லியிருப்பாய்.

குளிர்காலத்தில் இலைகள் எல்லாம் கொட்டிவிட்டன. வெறும் கட்டைகள் நின்றன. முதல் மாடியில் குடியிருந்த வித்யா சென்னைப் பெண், கணவனும் அவளும் கம்ப்யூட்டர் வேலை. அவள் உன்னிடமே கேட்டாள். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க, இது செடியா, இல்ல பந்தல் போட நட்ட குச்சியா?" மூன்றாம் மாடிக்கு அப்போதுதான் குடிவந்திருந்த நிகில் என்ற பையனுக்குக் கார் நிறுத்த இடமில்லை. அவன் அதற்குக் குச்சித் தோட்டம் என்று பெயர் வைத்தான். கட்டடம் முழுக்க அந்தப் பெயர் பரவிற்று. நீயும் அப்படியே சொல்ல ஆரம்பித்தாய். "ரிப்போர்ட்டரம்மா, குச்சித் தோட்டம் வரைக்கும் வர்றியா?"

பிப்ரவரி கடைசியில் கட்டைகளின் நுனியில் மொட்டுகள் கிளம்பின. மார்ச் தொடக்கத்தில் உனக்கு டயாலிசிஸ் ஊசி குத்தும் கையில் சீழ் பிடித்து, காய்ச்சல் வந்து, மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாய். போகும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான். "ஒண்ணும் பண்ணாதே. அது பாட்டுக்கு இருக்கும்." நானும் ஒன்றும் செய்யவில்லை. காலையில் மருத்துவமனை, பிற்பகல் அலுவலகம், வீடு திரும்ப இருட்டிவிடும். நான் அந்தப் பக்கம் சரியாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீடு திரும்பிய அன்று நீ உள்ளே போகவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கி, கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, நேரே மண்பட்டைக்குப் போனாய். மேலே எல்லாம் பசுமையாக, மொட்டோடுதான் நின்றன. குனிந்து முதல் செடியை அழுத்தினாய். விரல் உள்ளே போயிற்று. இரண்டாவதும் அப்படியே. வரிசையின் கடைசி வரை போய்விட்டு வந்து சொன்னாய். "பாதிக்கு மேல அழுகிருச்சு புள்ள. யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க."

எனக்குக் கோபம். நிகில்தான் என்று தோன்றியது. காருக்காகச் செய்திருப்பான் என்று நினைத்தேன். ஆனால் விசாரிக்காமல் எழுதுவது என் வழக்கமில்லை. அன்று மாலை வீடு வீடாகப் போனேன்.

வித்யா கதவைத் திறந்து, நான் கேட்டதுமே கண் கலங்கினாள். "அரிசி கழுவின தண்ணிதான் ஆன்ட்டி, எப்படியும் சிங்க்ல போறது. அவங்க ஆஸ்பத்திரியில இருக்காங்களே, இதுவாவது வாடாம இருக்கட்டும்னு தினம் காலையில ஊத்தினேன். டேங்கர் தண்ணி இல்ல, ப்ராமிஸ்." எதிர் வீட்டு வஹினி, எல்லோரும் அண்ணி என்று மராத்தியில் அழைக்கும் அந்த அம்மாள், பருப்பு ஊறவைத்த நீரைப் பிற்பகலில் ஊற்றியிருந்தார். "அதில் சத்து இருக்குமே" என்று என்னிடமே கேட்டார். மூன்றாம் மாடிக்குப் போனேன். நிகில் தலையைச் சொறிந்தான். "ஆபீஸிலிருந்து வரும்போது பாட்டிலில் மிச்சம் இருக்கும் ஆன்ட்டி. கீழே கொட்டுவதற்குப் பதில்..." ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் ஊற்றுவதாக நம்பியிருந்தார்கள். ஒருவர் குவளை ஒரு வாரத்துக்குப் போதுமானது. அத்தனை பேர் குவளையும் தினமும் சேர்ந்தபோது, நீ வைத்த சரிவால்கூடச் சமாளிக்க முடியவில்லை.

நான் கீழே வந்து சொன்னபோது நீ சிரித்துவிட்டாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற கையோடு. "எனக்கு எளநி வெட்டற அதே கூட்டம்தான். நான் ஆஸ்பத்திரியில தப்பிச்சுக்கிட்டேன், இதுங்க மாட்டிக்கிருச்சு."

பிறகு கத்தி கேட்டாய்.

மறுநாள் உன் சமையலறை மேடையில் அந்த வேலை நடந்தது. உன் ஒரு கை கட்டுக்குள் இருந்ததால், நான் தண்டைப் பிடிக்க, நீ வெட்டினாய். அழுகிய பழுப்பு தீர்ந்து, வெள்ளையாக, வெள்ளரிக்காயின் உள்பக்கம்போலத் தெரியும் வரை வெட்ட வேண்டும். ஒரு பொட்டுப் பழுப்பு மிஞ்சினாலும் மறுபடி ஏறிவிடும். நான் போதும் போதும் என்றேன். இன்னும் ஒரு துண்டு, இன்னும் ஒரு துண்டு என்று நீ விடவில்லை. சில தண்டுகளில் வெள்ளை வரவே இல்லை. அவற்றை ஒதுக்கிவைத்தாய். மற்றவற்றின் வெட்டுவாயில் மஞ்சளை அப்பி, செய்தித்தாளில் வரிசையாகக் கிடத்தினாய்.

அந்த நேரத்தில் காகா வந்து சமையலறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"மேடம், இவங்க எல்லா வீட்டிலும் கேட்டாங்களாம். என் வீட்டுக்கு மட்டும் வரலை."

"சேர்மனைச் சந்தேகப்பட மாட்டேன் காகா" என்றேன்.

"சந்தேகப்படணும். நானும் ஊற்றினேன். காலையில் நடக்கப் போகும்போது, ஒரு லோட்டா. என் குடிதண்ணீரிலிருந்து."

கல் பதிக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் அவர். ஜெயிக்க விரும்பினார். நீ படுத்துக் கிடக்கையில் ஜெயிக்க விரும்பவில்லை. நான்தான் சொன்னேன், நிபந்தனையை மீறியது சேர்மனே, இது முதல் பக்கச் செய்தி என்று. "போடு புள்ள. அது மேலயும் நாலு தண்டு காயப் போடலாம்" என்றாய் நீ.

காகா தொண்டையைச் செருமிக்கொண்டார். "மே மாதம் வேண்டாம். இன்னும் ஒரு வருடம் எடுத்துக்கொள்ளுங்கள். கமிட்டியில் நான் சொல்கிறேன்."

நீ ஆலையில் கற்ற இந்தியில் மெதுவாகச் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "டைம் வேண்டாம் காகா. சொன்னது மே, அது மேதான். எல்லார்கிட்டயும் ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தண்ணி ஊத்தாம இருங்க. அது போதும்."

அவர் போனபின் நான் உன்னிடம் சண்டை போட்டேன். கிடைத்த வருடத்தை ஏன் விட்டாய் என்று. நீ வெட்டுப்பட்ட தண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப்போட்டுக்கொண்டே, "எனக்கு ஒரு வருசம் தர்றதுக்கு அவரு யாரு, டாக்டரே தரமாட்டேங்குறாரு" என்றாய். குரலில் கசப்பு இல்லை.

மே கடைசி ஞாயிறு காலை, கமிட்டி இறங்கி வந்தது. கல் பதிப்பவரும் அளவு நாடாவோடு வந்து கேட்டருகே நின்றார். வெயில் அப்போதே சுட்டது. அழுகாமல் தப்பிய செடிகள் எல்லாம் ரோஸ் கலரில் பூத்துக் குலுங்கின. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகும் அளவுக்கு. ஆனால் கேட்டுக்கு அருகிலிருந்த பாதி, வெட்டி நட்ட பாதி, அப்படி இல்லை. ஒன்றிரண்டில் நாலு இலை, ஒன்றில் ஒற்றைப் பூ, மற்றவை மொட்டைக் கட்டைகள். நீ நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாய். முந்தின நாள் டயாலிசிஸ் முடிந்த களைப்பு முகத்தில் இருந்தது.

நிகில்தான் பேசினான். கெட்ட பையன் இல்லை. அவன் கார் தினமும் தெருவில் கீறல் வாங்கிக்கொண்டிருந்தது. "ஆன்ட்டி, அந்தப் பக்கம் அழகா இருக்கு, ஒத்துக்கறேன். இந்தப் பக்கம் வெறும் குச்சிதானே? பாதியில பூ இருக்கட்டும், பாதியில கார் நிக்கட்டும்."

இரண்டு மூன்று தலைகள் ஆடின. நியாயமான பேச்சாகத்தான் பட்டது. கல் பதிப்பவர் நாடாவை இழுத்தார். கேட்டருகே இருந்த அந்தப் பாதிதான் உன் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நீ எழுந்தாய். "குச்சி இல்ல தம்பி. அழுத்திப் பாரு."

அவன் புரியாமல் என்னைப் பார்த்தான். நீ குனிந்து, ஒரு மொட்டைக் கட்டையின் அடியில் பெருவிரலை வைத்துக் காட்டினாய். "பஞ்சு மாதிரி இருந்தாச் செத்தது. கல்லு மாதிரி இருந்தா உசுரு. ஒண்ணாச்சும் பஞ்சா இருந்தா இந்தப் பாதிய எடுத்துக்கோ."

நான் அதை இந்தியில் சொன்னேன். நிகில் தயங்கி ஒன்றை அழுத்தினான். நிமிர்ந்து தன் விரலைப் பார்த்துக்கொண்டான். பிறகு காகா செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் இறங்கினார். கேட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கட்டையாகக் குனிந்து அழுத்தினார். முழங்கால் வலிக்காரர், ஒவ்வொரு முறையும் சுவரைப் பிடித்து எழுந்தார். வஹினியும் வித்யாவும் தாங்கள் கொன்றது எது, பிழைத்தது எது என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கடைசிக் கட்டையையும் அழுத்திவிட்டுக் காகா மண் ஒட்டிய விரலோடு திரும்பினார்.

"கட்ட் ஆஹே" என்றார். இறுகியிருக்கிறது. மராத்தியில் அவ்வளவுதான். பிறகு கல் பதிப்பவரைப் பார்த்து, வேலையில்லை, போய்வாருங்கள் என்று கையசைத்தார். அதுவரை உன்னை மேடம் என்றே அழைத்துவந்தவர், "தாயி, நீங்கள் உட்காருங்கள், வெயில்" என்றார். அவர்கள் மொழியில் அக்கா. அவர் உன்னைவிட இருபது வயது மூத்தவர்.

அன்று உனக்கு வித்யா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். பாதி வழியில் நினைவு வந்து நின்றுவிட்டாள். நீ கையை நீட்டி டம்ளரை வாங்கி, இரண்டு கைகளாலும் பிடித்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாய்.

அதற்குப் பின் உனக்குச் சில கோடைகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் அந்த வரிசை முழுக்கப் பூத்தது. நீ ஜன்னலில் சாய்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம், "ஏனுங்க, பாத்துட்டுச் சும்மா போங்க, ஊத்திராதீங்க" என்று தமிழில் அதட்டிக்கொண்டிருந்தாய்.

ஒரு ஜூலையில் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினோம். கோயமுத்தூரிலிருந்து உன் அண்ணன் வந்துசேர்ந்தார். வஹினி செப்புச் சொம்பில் கங்கை நீரும் சின்னக் கரண்டியும் கொண்டுவந்தார். ஒவ்வொருவராக உன் வாயில் ஊற்றினார்கள். இனி அளவு இல்லை, யார் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். என் முறை வந்தபோது நான் அரைக் கரண்டிதான் எடுத்தேன். கை அப்படிப் பழகியிருந்தது.

உன் வீட்டை அண்ணன் விற்றுவிட்டார். அங்கே ஓர் இளம் ஜோடி இருக்கிறது. ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் உன் தோட்டம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. இந்த ஆண்டு மாநகராட்சி தெருவுக்குத் தார் போட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் தெரு உயர்ந்துவிட்டது. நீ தாழ்த்திவைத்த பக்கம் இப்போது தெருவைவிடப் பள்ளம். வெளியே போக வேண்டிய மழைநீர் உள்ளே வருகிறது. கேட்டருகே நின்ற முதல் செடி போன வாரம் அழுகிவிட்டது. அதைத்தான் வெட்டிக் காயப் போட்டிருக்கிறேன். வெள்ளை வரும் வரை வெட்டினேன். இன்னும் ஒரு துண்டு, இன்னும் ஒரு துண்டு என்று நானே சொல்லிக்கொண்டேன்.

வார்டு அலுவலகத்துக்கு வாராவாரம் போய் உட்காருகிறேன். பொறியாளர் முந்தாநாள் தண்ணீர் கொடுத்தார், டீ கொடுத்தார், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அங்கேயே இருந்தேன். சாயங்காலம் ஓர் ஆளை அனுப்பி அளக்கவைத்தார். வடிகால் வெட்டும் வரை எழுந்து வரமாட்டேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதுவரை, ஞாயிற்றுக்கிழமை நாங்களே மண்ணைத் தோண்டிச் சரிவை மாற்றி வைக்கப்போகிறோம். மண்வெட்டி நிகிலுடையது. அவன் கார் இன்னும் தெருவில்தான் நிற்கிறது. இப்போது இன்னும் பெரிய கார்.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பெருவிரல்தான். வேலையில் இருந்த கடைசி வருடங்களில், வீடு இழந்தவர்கள் முன்னால், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முன்னால் உட்காரும்போது, ஆறுதலைக் கொண்டுபோய்க் கொட்டுவதை நிறுத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே இறுகியிருக்கிறது, எங்கே சுருங்கியிருக்கிறது என்று முதலில் பார்த்தேன். வேண்டியவர்களுக்கு வேண்டிய அளவு. என் செய்திகள் இன்னும் கொஞ்சம் உலர்ந்துபோயின என்று ஆசிரியர் சொன்னார். உனக்குப் பிடித்திருக்கும்.

நேற்று மாலை காகா இரண்டு மாடி ஏறி வந்தார். இப்போது கைத்தடி. பால்கனியில் தண்டைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிழைக்குமா என்று கேட்டார். அழுத்திப் பாருங்கள் என்றேன். இப்போது வேண்டாம், காயட்டும் என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த தண்ணீரைக் குடித்து இறங்கிப்போனார்.

இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கையில் மழை கொஞ்சம் விட்டது. எழுந்துபோய்ச் செய்தித்தாளின் முன் குனிந்தேன். மஞ்சள் உலர்ந்து, வெட்டுவாய் சுருங்கித் தோல்போல மூடியிருந்தது. அடியில் பெருவிரலை வைத்து, நீ அழுத்துவதுபோல, நன்றாக அழுத்தினேன்.

கட்ட் ஆஹே, அம்மிணி.